சலித்து அடுக்கிய ரத்தப் பட்டியல்

கலைந்து கிடக்கும் எதையும் என்னால் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியாது. கல்யாணப் பந்தியில் இலை கோணலாகக் கிடந்தால் கை பரபரக்கும். ரேஷன் கடை வரிசையில் யாராவது குறுக்கே புகுந்தால், அரிசி எனக்கு வேண்டாதபோதும் சண்டைக்குப் போவேன். இந்தக் குணத்துக்கு எங்கள் தெருவில் கிறுக்கு என்று பெயர். சென்னையில் ஒரு கம்பெனி இதே கிறுக்குக்கு மாதாமாதம் சம்பளம் போடுகிறது.

செஞ்சியில் அப்பா வீட்டு, எங்கள் பேச்சில் நைனா வீட்டு, மாடியறையில் உட்கார்ந்து பைத்தானில் நிரல் எழுதுவது என் வேலை. பெரிய பெரிய பட்டியல்கள் வரும். வேண்டாததைக் கழித்து, வேண்டியதை வரிசைப்படுத்தித் திருப்பி அனுப்ப வேண்டும். இதில் வேகம்தான் எல்லாம். லட்சம் பேரை அகர வரிசையில் அடுக்கிவிட்டு, அப்புறம் அதில் திண்டிவனத்துக்காரர்களை மட்டும் பொறுக்கினால், மற்றவர்களை அடுக்கிய உழைப்பு தண்டம். முதலில் சலி, பிறகு அடுக்கு. புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்திருக்கிறது. புடைக்காத அரிசியை யாராவது படியில் அளப்பார்களா?

சலிப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. நான்கு நிபந்தனைகள் இருந்தால், அதிகம் பேரைத் தள்ளிவிடும் நிபந்தனை முதலில் வர வேண்டும். முதல் கேள்வியில் ஒருவர் விழுந்துவிட்டால் கணினி அவரிடம் அடுத்த கேள்வியைக் கேட்பதே இல்லை. அவர் வயது என்ன, ஊர் என்ன என்றெல்லாம் பார்க்காமல் அடுத்த ஆளிடம் போய்விடும். நேரம் மிச்சம்.

எங்கள் ஊரில் ரத்த தானத்துக்காக வாட்ஸப் குழு நடத்தும் பையன்கள் ஒருநாள் என்னிடம் வந்தார்கள். ஒரு பெரிய பட்டியல் வைத்திருந்தார்கள். பெயர், வயது, ஊர், ரத்த வகை, கடைசியாக ரத்தம் கொடுத்த தேதி. அவசரத்துக்குத் தேட முடியவில்லை, ஏதாவது செய்து கொடுங்கள் என்றார்கள். "அக்கா, லேடீஸ் பேரெல்லாம் தூக்கிடுங்க. போன் பண்ணா வீட்ல எடுக்க மாட்றாங்க. கூட்டினு போனாலும் ரத்தம் கம்மியா இருக்குதுன்னு டாக்டர் திருப்பி அனுப்பிடுறாரு" என்றான் ஒருவன். எனக்கு அது வசதியாகப் போயிற்று. முதல் நிபந்தனையிலேயே பாதிப் பட்டியல் காலி. இரண்டாவது, ஐம்பது வயதைத் தாண்டியவர்களையும் தள்ளினேன். ரத்த வகை ஒவ்வொரு தேடலுக்கும் மாறும் என்பதால் அது அதற்குப் பிறகுதான். மிஞ்சியவர்களை பஸ் ஸ்டாண்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று பார்த்து அடுக்கினேன். தூரம் ஒன்றாக இருந்தால், ரத்தம் கொடுத்து அதிக நாள் ஆனவர் முன்னால் வருவார். கண்ணை மூடித் திறப்பதற்குள் பதில் வந்தது. பையன்கள் கை தட்டினார்கள். எனக்கும் தலை கொஞ்சம் கனத்தது.

என் தங்கச்சி ஓ நெகட்டிவ் என்பது அவள் முழுகாமல் இருந்தபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அவளைத் தளவானூரில் கொடுத்திருந்தோம். அவள் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் வடக்கே எங்காவது இருப்பார். வீட்டில் மாமியாரும் மருமகளும்தான். அந்த மாமியாரை நான் அத்தை என்று கூப்பிடுவேனே தவிர, எனக்கு அவர்மேல் பிரியம் கிடையாது. அதிகம் பேச மாட்டார், முகத்தில் சிரிப்பு வராது. வளைகாப்பின்போது எல்லாரும் வளையல் போட்டு முடித்தும், அவர் மட்டும் கொல்லைப் பக்கம் பாத்திரம் கழுவுகிற இடத்தில் நின்றுகொண்டு வரவே மாட்டேன் என்றுவிட்டார். மாமியாருக்கு மனசில்லை என்று எங்கள் சொந்தமெல்லாம் பேசியது. நானும் பேசினேன்.

ஒன்பதாம் மாதத்தில் ஒருநாள் காலை தங்கச்சிக்கு லேசாக ரத்தம் பட்டது. அவள் வீட்டுக்காரர் அப்போது லோடோடு வடக்கே போயிருந்தார். செஞ்சியிலேயே, அவளை ஆரம்பத்திலிருந்து பார்த்துவந்த டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். அவர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு என்னையும் நைனாவையும் தனியாகக் கூப்பிட்டார். நஞ்சுக்கொடி கீழே இறங்கி வழியை அடைத்துக்கொண்டிருக்கிறது, நாளைக் காலை ஆபரேஷன் செய்துவிடலாம், ஆனால் ரத்தம் நிறையப் போகலாம் என்றார்.

"ஒரு யூனிட் ஓ நெகட்டிவாவது என் கையில இருந்தாத்தான் நான் கத்தியத் தொடுவேன். கிடைக்காதுன்னா சாயந்தரத்துக்குள்ள சொல்லிடுங்க, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடறேன். ஆனா அவ்வளவு தூரம் வண்டியில குலுங்கிட்டுப் போறப்ப ரத்தம் திறந்துகிட்டா என்ன பண்றதுன்னுதான் எனக்குப் பயமா இருக்கு."

நானும் நைனாவும் பாசிட்டிவ். அம்மா போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. விழுப்புரம் ரத்த வங்கிக்குப் போன் செய்தேன், திருவண்ணாமலைக்குச் செய்தேன். இருப்பு இல்லை, ஆளைக் கூட்டி வந்தால் எடுத்துத் தருகிறோம் என்று இரண்டு இடத்திலும் ஒரே பதில். எடுத்த ரத்தத்தைப் பரிசோதித்துக் கொடுக்க நேரமாகுமாம், அதனால் மத்தியானத்துக்குள் ஆள் போய்ச் சேர வேண்டுமாம். அதைக் கேட்டதும் நைனா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"நைனா, எதுக்குப் பயப்படுற? எங்கிட்ட லிஸ்ட் இருக்குது" என்றேன். எனக்கே நான் சொல்லிக்கொண்டதுதான் அது.

ஆஸ்பத்திரி பெஞ்சில் லேப்டாப்பைத் திறந்து ஓட விட்டேன். வழக்கம்போல் சட்டென்று பதில் வந்தது. இவ்வளவு பெரிய பட்டியலில் ஓ நெகட்டிவ் என்று இரண்டே பெயர். முதல் ஆளுக்குப் போன் போட்டால் அவர் அம்மா எடுத்தார், மகன் கத்தாரில் இருக்கிறானாம். இரண்டாவது ஆள் தங்கமானவர். போன வாரம்தான் வேறு ஒரு பிரசவத்துக்குக் கொடுத்தேன் என்று அவரே வருத்தப்பட்டார். அவ்வளவுதான், என் பட்டியல் தீர்ந்துவிட்டது. அத்தனை வேகமும் இந்த இரண்டு பேரைத் தேடித்தானா என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

குழுவில் செய்தி போட்டேன். கொஞ்ச நேரத்தில் ஒருவர் கூப்பிட்டார். ஆள் கிடைத்துவிட்டது என்று துள்ளி எழுந்தேன்.

"அக்கா, நான் நெகட்டிவ் இல்ல. ஆனா ஒண்ணு சொல்லணும். லிஸ்ட்ல என்னை ஓ பாசிட்டிவ்னு போட்டுருக்கீங்க. போன மாசம் கேம்ப்ல டெஸ்ட் பண்ணி ஏ பாசிட்டிவ்னு சொன்னாங்க."

"அப்ப ஓன்னு யாரு எழுதுனது?"

"லைசென்ஸைப் பாத்து நான்தான் எழுதுனேன். லைசென்ஸ்ல நம்மூர் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் போட்டது."

எனக்குச் சுருக்கென்றது. பட்டியலை ரத்த வகைவாரியாகப் பிரித்துப் பார்த்தேன். ஓ பாசிட்டிவ் மட்டும் மலையாகக் குவிந்திருந்தது, மற்றதெல்லாம் அதன் காலடியில் சிறு சிறு கற்களாகக் கிடந்தன. ஓ அதிகம் பேருக்கு இருக்கும்தான், ஆனால் இந்த அளவுக்கு இருக்காது. இத்தனை நாள் இந்தப் பட்டியலை எத்தனை விதமாகச் சலித்து அடுக்கியிருக்கிறேன். இதை ஒருமுறை எண்ணிப் பார்க்கத் தோன்றவில்லை.

டிரைவிங் ஸ்கூல் ஆஸ்பத்திரி இருந்த தெருவிலேயே இருந்தது. மாஸ்டர் செஞ்சியில் பாதிப் பேருக்கு ரிவர்ஸ் எடுக்கக் கற்றுக்கொடுத்தவர், நானும் அவரிடம் படித்தவள்தான். மேசைக்கு எதிரே நின்று கேட்டேன்.

"ஆமாம்மா. டெஸ்ட் எடுத்துனு வான்னா ஒருத்தனும் வர மாட்டான். கட்டம் காலியா இருக்கக் கூடாது. நெறைய பேருக்கு அதான் இருக்குதுன்னு சொன்னாங்க, தெரியாதவங்களுக்கெல்லாம் அதையே போட்டுடறது. அதுல இன்னா வந்துச்சு?"

இன்னா வந்துச்சு! நான் கத்திய கத்தலில் தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். ஓ பாசிட்டிவ் மலைக்குள் நிஜமான ஓ நெகட்டிவ் ஆட்கள் நாலைந்து பேர் இருக்கலாம், தங்கள் ரத்தம் என்னவென்று அவர்களுக்கே தெரியாது, மத்தியானத்துக்குள் அத்தனை பேரையும் விரலில் குத்திப் பார்க்க முடியுமா என்று கேட்டேன். கேட்கும்போதே அழுதுவிட்டேன். மாஸ்டர் எழுந்து நின்றுவிட்டார். "அம்மா, தங்கச்சிக்குன்னு தெரியாது. இன்னா ஒத்தாச வேணும்னாலும் கேளுங்க" என்றார். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் வெளியேறினேன்.

திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். யார் சொன்ன ரத்த வகையை நம்பலாம் என்று யோசித்தேன். பிள்ளை பெற்ற பெண்களுக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்திருக்கும். கர்ப்பமானதும் முதலில் எடுக்கும் பரிசோதனை அதுதான், அட்டையில் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். நெகட்டிவ் என்றால் தனியாக ஊசி வேறு உண்டு. அவர்களைத்தான் நான் முதல் வரியிலேயே தள்ளிவிட்டிருந்தேன். அந்த வரியை அழித்துவிட்டு மறுபடி ஓட்டினேன். ஒரு பெயர் புதிதாக வந்தது. பக்கத்துக் கிராமம், முப்பது வயதுகூட ஆகாத பெண். மூச்சைப் பிடித்துக்கொண்டு போன் செய்தேன். ஆண் குரல் எடுத்தது.

விஷயத்தைச் சொன்னேன். "அதுக்கே ஒடம்புல தெம்பில்ல. வேற ஆளைப் பாருங்க" என்றது குரல்.

"அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க சார். கெஞ்சிக் கேக்கறேன்."

"நான் சொன்னா அது சொன்ன மாதிரிதான்." வைத்துவிட்டார். மறுபடி போட்டேன், எடுக்கவில்லை. அந்த மனிதரை நான் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

நேரம் ஓடிக்கொண்டே இருந்தது. தங்கச்சி படுத்திருந்த அறையைக் கடந்து போகவே எனக்குப் பயமாக இருந்தது. ஆள் கிடைத்ததா என்று அவள் வாயால் கேட்க மாட்டாள், கண்ணால் கேட்பாள். போனில் சிக்னல் வேறு விட்டு விட்டு வந்தது. வெளியே வாசல் பக்கம் போனேன்.

அங்கே வண்டி நிறுத்துகிற இடத்தில், புங்க மரத்தடியில் அத்தை உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து அங்கேயேதான் இருந்தார். மருமகளுக்குக் கஞ்சி, வெந்நீர் எல்லாம் பிளாஸ்கில் கொண்டுவந்து ஆயம்மாவிடம் கொடுத்தனுப்பினாரே தவிர, படியேறவில்லை. எனக்கு இருந்த ஆத்திரம் அத்தனையும் அவர்மேல் திரும்பியது.

"அத்தை, உள்ள வந்து அவ பக்கத்துல கொஞ்ச நேரம் உக்காந்தா இன்னா? நைனா ஒடிஞ்சி போய்க் கெடக்குறாரு. நான் ஆளத் தேடி அலையறேன். நீங்க ஏதோ பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவங்க மாதிரி இங்க உக்காந்துனு இருக்கீங்க."

"நீ போய்ப் பாரும்மா. நான் இங்கயே இருக்கறேன்."

"ஏன் வர மாட்டேன்றீங்க? வளைகாப்புலயும் இப்பிடித்தான் நின்னீங்க. என் தங்கச்சி உங்களுக்கு இன்னா பாவம் பண்ணா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன்.

"பாவம் பண்ணவ நான்தாம்மா. புள்ளத்தாச்சி இருக்கற எடத்துக்கு நான் வரக் கூடாது. எம் மவன் ஒருத்தனத்தான் உனக்குத் தெரியும். அவனுக்கு அப்புறம் பெத்ததுல ஒண்ணு தங்கல. பொறக்கும்போது நல்லாத்தான் இருக்கும். மறுநாளே மஞ்சளாப் பூடும். கண்ணு, நகம், உள்ளங்காலு, எல்லாம் மஞ்சத் தண்ணில முக்கி எடுத்தாப்ல. பாலு குடிக்காது. அப்பிடியே சோந்து பூடும். கடைசியா வந்தது வயித்துலயே பூட்ச்சி. எங்க மாமியா சொல்லும், உன் ரத்தமே கொல்ற ரத்தம்டின்னு. ஊர்ல எந்தச் சீமந்தத்துக்கும் என்ன யாரும் கூப்புட மாட்டாங்க. கூப்ட்டாலும் நான் போ மாட்டேன்."

சொல்லிவிட்டுப் பிளாஸ்கின் மூடியை இறுக்கமாகத் திருகினார். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

தங்கச்சி நெகட்டிவ் என்று தெரிந்த நாளிலிருந்து அதைப் பற்றி இணையத்தில் கிடைத்ததையெல்லாம் படித்து, பயந்து, மறுபடி படித்து வைத்திருந்தேன். அம்மா நெகட்டிவ், பிள்ளை பாசிட்டிவ் என்றால் முதல் பிள்ளை பெரும்பாலும் தப்பித்துவிடும். அதற்குள் அம்மாவின் ரத்தம் பிள்ளையின் ரத்தத்தைப் பகையாளியாக நினைக்கப் பழகிவிடும், அடுத்தடுத்து வருவதைத் தாக்கும். பிள்ளைக்கு மஞ்சள் பூக்கும். அத்தை அப்படியே வரி பிசகாமல் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். இவர் நெகட்டிவ். நெகட்டிவாகத்தான் இருக்க வேண்டும். பெற்றதையெல்லாம் பறிகொடுத்த கதையைக் கேட்டு எனக்கு அந்த நிமிஷம் வந்தது சந்தோஷம். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் சந்தோஷம்தான்.

"அத்தை, உங்க ரத்தம் இன்னா குரூப்புன்னு யாராச்சும் பாத்துருக்காங்களா?"

"வூட்ல பெத்தவளுக்கு இன்னா குரூப்பு?"

பக்கத்திலேயே லேப் இருக்கிறது, ஒரு சொட்டுப் போதும், வாருங்கள் என்று கையைப் பிடித்தேன். என்ன நினைக்கிறேன் என்று புரிந்ததும் அவர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். முகம் வெளிறிவிட்டது. "எம் ரத்தத்தயா? அந்தப் பொண்ணுக்கா? பைத்தியமா உனக்கு? வயித்துல புள்ளய வெச்சினு இருக்கறவளுக்கு என் ரத்தத்த ஏத்துவியா?" என்று கத்தினார். நான் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. அவர் கேட்டதில் நியாயமும் இருந்தது என்பதுதான் என்னை உதற வைத்தது. அந்த ரத்தம் பிள்ளைகளைக் கொன்றது பொய்யில்லையே. ஒரு நிமிஷம் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

ஓடிப் போய் டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் பார்த்துக்கொண்டிருந்த நோயாளியை அப்படியே விட்டுவிட்டு என்னோடு வெளியே வந்தார். அத்தை உள்ளே வர மாட்டார் என்பதால் புங்க மரத்தடிக்கே வந்து, வண்டி ஒன்றின் சீட்டில் சாய்ந்துகொண்டு பேசினார்.

"நீங்க சொல்றது நிஜம்தாம்மா. உங்க ரத்தம் உங்க குழந்தைங்களோட சண்டை போட்டிருக்கு. அதுங்களுக்கு வேற மாதிரி ரத்தம், அதனால. இந்தப் பொண்ணு உங்கள மாதிரியேதான். இவளோட உங்க ரத்தம் சண்டை போடாது. அதுலயும் சிவப்பு அணுவ மட்டும் பிரிச்சுத்தான் ஏத்தப் போறோம். நான் பொறுப்பு."

அத்தை பிளாஸ்கை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "அப்ப அதுங்கள நான்தான் கொன்னேனா?" என்று கேட்டார்.

"இல்லம்மா. மொதல் பிள்ளையிலருந்தே, பொறந்ததும் ஒரு ஊசி போட்டிருந்தா எல்லாமே பொழச்சிருக்கும். உங்களுக்கு யாரும் போடல."

"ஒரு ஊசியா?"

"ஒரு ஊசி."

அத்தை பிளாஸ்கை மரத்தடியில் வைத்துவிட்டு எழுந்தார். லேப் எந்தப் பக்கம் என்று என்னிடம் கேட்டார்.

லேப் பெண் கண்ணாடித் தகட்டில் ரத்தத்தை மூன்று இடத்தில் தொட்டு, ஒவ்வொன்றிலும் மருந்து ஒரு சொட்டு விட்டுக் குச்சியால் கலக்கினாள். மூன்று இடமும் திரளாமல் இருந்தால்தான் ஓ நெகட்டிவ். நெகட்டிவ் என்று எனக்குத் தெரியும், ஆனால் ஓ என்று யார் சொன்னது? ஏ நெகட்டிவாக இருந்தால் இத்தனையும் வீண். முதல் இடம் திரளவில்லை. இரண்டாவதும் திரளவில்லை. ஓ. மூன்றாவதை அவள் ஆட்டிக்கொண்டே இருந்தாள், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள், மறுபடி ஆட்டினாள். "ஓ நெகட்டிவ்க்கா" என்று அவள் சொன்னபோது நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அன்றைக்கு அமாவாசை. ஊரில் இருந்த வாடகை வண்டியெல்லாம் மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போய்விட்டது. பஸ் ஸ்டாண்டில் நிற்கக்கூட இடமில்லை. டிரைவிங் ஸ்கூல் மாஸ்டரிடம்தான் போய் நின்றேன். அவர் உடனே சாவியை எடுத்தார். கூரைமேல் போர்டு வைத்த, கற்றுக்கொள்கிறவர்களின் காரில் விழுப்புரம் கிளம்பினோம். இடது பக்கச் சீட்டில் என் காலடியில், மாஸ்டர் கற்றுக்கொடுக்கும்போது மிதிக்கிற பிரேக். எதிரே லாரி வரும்போதெல்லாம் என்னையறியாமல் மிதித்துவிட்டேன். வண்டி நடு ரோட்டில் குலுங்கி நின்றது. "அம்மா, காலைத் தூக்கி மேல வெச்சிக்குங்க, இல்லன்னா நாம போய்ச் சேர மாட்டோம்" என்றார் மாஸ்டர். பின் சீட்டில் அத்தை வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

அவரைக் கண்ணாடியில் பார்த்தபடி யோசித்தேன். இவர் பெண். ஐம்பதைத் தாண்டியவர். லைசென்ஸ் கிடையாது, போன்கூட மகன் பெயரில். எந்தப் பட்டியலிலும் இவர் இல்லை. இருந்திருந்தாலும் என் நிரல் முதல் கேள்வியிலேயே தள்ளியிருக்கும், ரத்த வகை வரைக்கும் போயே இருக்காது. பிற்பாடு அந்தப் பட்டியலில் ஒரு கட்டம் புதிதாகச் சேர்த்தேன், ரத்த வகையைச் சொன்னது யார் என்று. சோதித்துப் பார்த்தவர்கள் முன்னால், லைசென்ஸைப் பார்த்து எழுதியவர்கள் கடைசியில் என்று அடுக்கினேன். தூரமெல்லாம் அதற்கப்புறம்தான். ஆனால் அன்றைக்குக் காரில் எனக்கு இருந்த கவலை வேறு. அத்தைக்கு ரத்தம் போதுமான அளவு இருக்குமா என்பதுதான் அது.

ரத்த வங்கியில் விரலில் குத்திப் பார்த்தார்கள். வயதைக் கேட்டார்கள், எடை பார்த்தார்கள், பிள்ளைப்பேறு பற்றி டாக்டர் நிறையக் கேள்விகள் கேட்டார். ஒவ்வொரு கேள்விக்கும் இதோ திருப்பி அனுப்பப் போகிறார்கள் என்று நினைத்தேன். ஹீமோகுளோபின் தேறியது, நூலிழையில். வயலில் நின்ற உடம்பு என்று அத்தை சொன்னார். நான் கேட்காமலே தன்னைப் பற்றி அவர் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை அது. படுக்க வைத்து ஊசி போட்டபோது முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. குழாயில் ரத்தம் இறங்குவதை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை மாஸ்டரே விழுப்புரம் போய் ஐஸ் பெட்டியில் ரத்தத்தை வாங்கி வந்தார். தங்கச்சியை உள்ளே கொண்டுபோனார்கள். போகும்போது அவள் என் விரலைப் பிடித்து நசுக்கினாள். நைனா கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். ஒரு நர்ஸ் ஓடி வந்து பெட்டியை எடுத்துப் போனாள். ஏற்றுகிறார்கள் என்றால் ரத்தம் போகிறது என்று அர்த்தம். கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன். ரத்தம் கிடைத்தால் பயம் போய்விடும் என்று முந்தின நாள் முழுக்க நினைத்திருந்தேன். போகவில்லை. அது போதுமா என்று ஆரம்பித்துவிட்டது.

கடைசியில் டாக்டரம்மா வெளியே வந்து முகமூடியை இறக்கினார். "பொண்ணு. அம்மாவும் நல்லா இருக்கா. அந்த ஒரு பாட்டில் இல்லன்னா எனக்கு இன்னைக்குக் கஷ்டமா போயிருக்கும்" என்றார். நைனா குழந்தை மாதிரி அழுதார். நர்ஸ் ஒரு துணிப் பொட்டலத்தைக் கொண்டுவந்து காட்டினாள். சின்ன முகம் ஒன்று சுருங்கிக்கொண்டிருந்தது. எனக்குக் கண்ணீரில் ஒன்றும் சரியாகத் தெரியவில்லை.

வாசலுக்கு ஓடினேன். அத்தை புங்க மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார்.

"பொண்ணு பொறந்துருக்குது அத்தை. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

"புள்ள இன்னா நெறம்?"

பின்னாலேயே வந்த ஆயம்மா சிரித்தாள். "மாமியாருக்கு வந்த கவலையப் பாரு! மாநெறம்தான், குளிப்பாட்ட குளிப்பாட்டத் தெளிஞ்சிடும்" என்றாள். அத்தை அவள் பக்கம் திரும்பவே இல்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உள்ளங்காலப் பாத்தியா?"

நான் பார்க்கவில்லை. திரும்பி ஓடினேன். நர்ஸ் என்னவோ சொல்லச் சொல்லத் துணியை விலக்கி, கட்டைவிரல் அளவு இருந்த அந்தப் பாதத்தைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். இன்னொரு பாதத்தையும் பார்த்தேன். நகங்களைப் பார்த்தேன். மறுபடி வாசலுக்கு வந்து சேர்ந்தபோது எனக்கு மூச்சு வாங்கியது.

"செவப்பா இருக்குது அத்தை. நல்லா ரோஸ் கலர்ல, செவப்பா இருக்குது."

"நாளைக்கும் பாக்கணும்" என்றார். பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, முதல் படியில் கால் வைத்தார்.

"எந்த ரூமும்மா?" என்று கேட்டார்.